ஃபேப்ரிக் வந்தாலும் ஸ்பானிங் ட்ரீயை அணைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார இணைப்பிதழில் ஈதர்நெட் ஃபேப்ரிக் ஸ்விட்சுகளைப் பற்றி (கணினிகளைக் கேபிளால் இணைக்கும் ஸ்விட்சுகள் பல சேர்ந்து ஒரே வலையாக இயங்குவதுதான் ஃபேப்ரிக்) வந்த கட்டுரையைப் படித்தேன். இந்த மாதிரி விஷயத்தை ஒரு நாளிதழ் கையில் எடுப்பதே அபூர்வம். அதற்கு முதலில் நன்றி. கட்டுரையில் சொன்னது பெரும்பாலும் சரிதான். ஆனால் முடிவுக்குச் சற்று முன்னால் ஒரு வரி வருகிறது: ஃபேப்ரிக் போட்ட இடத்தில், தரவு வட்டமாகச் சுற்றாமல் தடுக்கிற ஸ்பானிங் ட்ரீக்கு வேலையில்லை, இணைப்பு விட்டுவிட்டு வந்தால் முதலில் அதை அணைத்துப் பாருங்கள் என்று. அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். இடம் பத்தாவிட்டால் எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், அணைக்காதீர்கள் என்று நான் சொல்வதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நான் ஸ்விட்சுகளோடு மல்லுக்கட்டிப் பிழைப்பு நடத்துகிற ஆள். எங்காவது நெட்வொர்க் படுத்துவிட்டால் நேரங்கெட்ட நேரத்தில் எனக்குத் தொலைபேசி வரும். "ஸ்பானிங் ட்ரீ பிரச்சினை சார்" என்றுதான் பெரும்பாலும் பேச்சே தொடங்கும். போய்ப் பார்த்தால், ஒன்று அது தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கும். இல்லையென்றால் அதைச் செய்யவிடாமல் யாரோ கையைக் கட்டி வைத்திருப்பார்கள்.

ஸ்பானிங் ட்ரீ எதற்கு என்பதை நெட்வொர்க் துறையில் இல்லாத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐபி பாக்கெட்டில் டிடிஎல் என்று ஓர் எண் உண்டு. ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் அது ஒன்று குறையும். பூஜ்யத்துக்கு வந்தால் பாக்கெட் அத்தோடு சரி. ஈதர்நெட் ஃபிரேமில், அதாவது ஸ்விட்சுகள் கடத்துகிற தரவுப் பொட்டலத்தில், அப்படி எந்த எண்ணும் கிடையாது. இரண்டு ஸ்விட்சுகளுக்கு நடுவே இரண்டு கேபிள்களைப் போட்டுத் தடுப்பு ஏதும் இல்லாமல் விட்டால், எல்லோருக்குமாக அனுப்பப்படும் ஒரே ஒரு பிராட்காஸ்ட் ஃபிரேம் செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் மற்ற எல்லா போர்ட்டுக்கும் (கேபிள் செருகும் வாய்க்கும்) ஒரு நகல் போகும். 1 ஜிகாபிட் இணைப்பில் மிகச் சிறிய 64 பைட் ஃபிரேம்கள் நொடிக்கு 14,88,095 வரை போக முடியும். இந்தச் சுற்றுக்குத்தான் லூப் என்று பெயர். லூப் விழுந்த இணைப்பு சில நொடிகளில் நிரம்பிவிடும். அந்த வி-லானில் (நெட்வொர்க்கின் அந்த உட்பிரிவில்) உள்ள ஒவ்வொரு கணினியும் ஒவ்வொரு தொலைபேசியும் ஒவ்வொரு பிரிண்டரும் அந்த வெள்ளத்தைத் தன் வாசலில் வாங்கியாக வேண்டும்.

இதைத் தடுக்கத்தான் ரேடியா பெர்ல்மன் 1985இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனில் வேலை செய்தபோது ஸ்பானிங் ட்ரீயை வடிவமைத்தார். 1990இல் அது ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பின் 802.1டி என்ற தர விதியாக வெளிவந்தது. ஸ்விட்சுகள் பிபிடியு என்ற சிறு செய்தியை 2 நொடிக்கு ஒருமுறை பரிமாறிக்கொள்ளும். தங்களுக்குள் ஒன்றை ரூட் பிரிட்ஜாகத் தேர்ந்தெடுக்கும். ரூட்டுக்குப் போகிற மலிவான வழியை மட்டும் திறந்துவைத்து, மிச்ச வழிகளை மூடும். பழைய முறையில் ஒரு போர்ட் திறக்க, கேட்கும் நிலையில் 15 நொடி, கற்கும் நிலையில் 15 நொடி என்று காத்திருக்க வேண்டும். தொலைவில் எங்கோ இணைப்பு அறுந்ததென்றால் அதற்கு முன்பு இன்னும் 20 நொடி வரை ஆகலாம். 2001இல் வந்த 802.1டபிள்யூ என்ற வேகமான வடிவம் இந்தக் காத்திருப்பைப் பெருமளவு குறைத்துவிட்டது. ஆனாலும் ஒரு குறை அப்படியே நின்றது: காசு கொடுத்துப் போட்ட கேபிள்களில் பாதி சும்மா கிடக்கும்.

ஃபேப்ரிக் தீர்த்துவைத்தது இந்தக் குறையை. ஸ்விட்சுகள் தங்களுக்குள் ஐஎஸ்-ஐஎஸ் மாதிரியான ரவுட்டிங் நெறிமுறையைப் பேசி, எல்லா இணைப்புகளையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும். 2011இல் ஆர்எஃப்சி 6325 என்ற இணையத் தர ஆவணமாக வந்த டிரில் இந்த வகைதான். அதன் முதன்மை ஆசிரியரும் அதே பெர்ல்மன்தான். தான் போட்ட பூட்டுக்குத் தானே இன்னொரு சாவி செய்தவர் என்று வைத்துக்கொள்ளலாம். டிரில் தலைப்பில், இன்னும் எத்தனை ஸ்விட்சுகளைத் தாண்டலாம் என்கிற தாவல் எண்ணிக்கை உண்டு. சுற்றுகிற ஃபிரேம் ஒரு கட்டத்தில் செத்துவிடும். 2012இல் ஐஇஇஇ பக்கமிருந்து இதே வேலைக்கு 802.1ஏக்யூ வந்தது. பிறகு, ஈதர்நெட் ஃபிரேமை ஐபி பாக்கெட்டுக்குள் பொதிந்து அனுப்பும் விஎக்ஸ்லான். ஆக, ஃபேப்ரிக்கின் உள்ளே ஸ்பானிங் ட்ரீ தேவையில்லை என்று உங்கள் கட்டுரையாளர் சொன்னது முழுக்க உண்மை. எனக்கு வழக்கு அங்கே இல்லை.

ஃபேப்ரிக்குக்கு ஓர் ஓரம் உண்டு. அங்கேதான் சர்வர்கள், பயனர்களின் கணினிகளை இணைக்கிற பழைய அக்சஸ் ஸ்விட்சுகள், மேசைக்கடியில் யாரோ கேட்காமல் வைத்த ஐந்து போர்ட் பெட்டி, இரண்டு போர்ட் உள்ள மேசைத் தொலைபேசி எல்லாம் வந்து சேர்கின்றன. இவற்றுக்கு டிரில்லும் தெரியாது, ஐஎஸ்-ஐஎஸ்ஸும் தெரியாது. பழைய ஸ்விட்சுகளுக்குத் தெரிந்த ஒரே பாஷை பிபிடியு. அதை ஃபேப்ரிக் என்ன செய்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

மூன்று விதமாக நடக்கலாம். சில ஃபேப்ரிக்குகள் ஓரத்தில் வந்த பிபிடியுவைத் தொடாமல் மறுமுனைக்குக் கடத்திவிடும். சில, வாங்கிய இடத்திலேயே தூக்கிப்போட்டுவிடும். சில, மொத்த ஃபேப்ரிக்கும் ஒரே ஒரு பெரிய பிரிட்ஜ் என்கிற பாவனையில் தாமே பதில் சொல்லும். ஒரே தயாரிப்பாளரின் பெட்டியிலேயே மென்பொருள் பதிப்புக்குப் பதிப்பு இது மாறும். ஒரு கட்டளையால் மாற்றவும் முடியும். புதிதாக ஃபேப்ரிக் போட்ட இடத்துக்குப் போனால் நான் கேட்கிற முதல் கேள்வி இதுதான். பதில் தெரிந்தவர்களைப் பார்ப்பது அரிது.

ஏன் இதில் இவ்வளவு பிடிவாதம் என்றால், ஒரு பழைய அக்சஸ் ஸ்விட்சிலிருந்து இரண்டு கேபிள்கள் போய் இரண்டு வெவ்வேறு லீஃப் ஸ்விட்சுகளில் (ஃபேப்ரிக்கின் ஓர ஸ்விட்சுகளில்) செருகப்பட்டிருக்கிறது என்று வையுங்கள். ஃபேப்ரிக் பிபிடியுவைக் கடத்தினால், அக்சஸ் ஸ்விட்ச் ஒரு போர்ட்டில் அனுப்பிய தன் செய்தியே இன்னொரு போர்ட்டில் திரும்பி வருவதைப் பார்க்கும். ஓகோ, இங்கே லூப் இருக்கிறது என்று ஒரு போர்ட்டை மூடிவிடும். ஃபேப்ரிக் பிபிடியுவைத் தூக்கிப்போட்டால் அதற்கு எதுவுமே தெரியாது. எதிரே யாரும் இல்லை என்று நினைத்து இரண்டு போர்ட்டையும் திறந்தே வைத்திருக்கும். லூப் முழுமையாகிவிடும். ஃபேப்ரிக் தன் உள்வழியைச் சரியாகவே நடத்தும், அக்சஸ் ஸ்விட்சும் தனக்குத் தெரிந்தவரை சரியாகவே நடக்கும். தவறு நடப்பது இரண்டுக்கும் நடுவில்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. ஓர் அலுவலகத்தில் நேரில் பார்த்தது, பெயர் வேண்டாம். அங்கே அக்சஸ் ஸ்விட்சின் இரண்டு மேல் இணைப்புகளையும் எல்ஏசிபி (பல கேபிள்களை ஒரே இணைப்பாக்கும் நெறிமுறை) மூலம் ஒரே கட்டாகக் கட்டி, இரண்டு லீஃப் ஸ்விட்சுகளுக்கும் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். அதுதான் முறை. கட்டாக இருக்கும்வரை இரண்டு கேபிளும் ஒரே இணைப்பாகத்தான் கணக்கு, லூப்புக்கு இடமில்லை. ஒரு நாள் லீஃப் ஸ்விட்சுகளில் ஒன்று பழுதாகி, மாற்றுப் பெட்டி வந்தது. மாற்றியவர்கள் ஃபேப்ரிக்கில் அதைச் சேர்த்தார்கள், பச்சை விளக்கு எரிந்தது, கிளம்பிவிட்டார்கள். அந்த ஒரு போர்ட்டைக் கட்டில் சேர்க்கிற வரி மட்டும் புதுப் பெட்டியில் ஏறவில்லை.

மறுமுனையிலிருந்து எல்ஏசிபி செய்தி வராவிட்டால் அக்சஸ் ஸ்விட்ச் என்ன செய்யும்? சில ஸ்விட்சுகள் அந்த போர்ட்டை நிறுத்திவைக்கும். சில அதைத் தனி போர்ட்டாக இயங்கவிடும். அங்கே இருந்தது இரண்டாவது வகை. அந்த ஃபேப்ரிக்கோ பிபிடியுவைத் தூக்கிப்போட்டுவிடுகிற அமைப்பில் இருந்தது. மிச்சத்தை நீங்களே ஊகிக்கலாம்.

எனக்கு அழைப்பு வந்தபோது அங்கிருந்த இளைஞர், பிங் என்ற சோதனைச் செய்தியை அனுப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னது இது: "சார், பிங் நாலு போகுது, ரெண்டு போகமாட்டேங்குது. சர்வர ரீபூட் பண்ணியாச்சு, ஃபயர்வால ரீபூட் பண்ணியாச்சு. ஸ்பானிங் ட்ரீதான் காரணமா இருக்கும்னு ஆஃப் பண்ணோம், அப்புறந்தான் மொத்தமும் போச்சு."

"மொதல்ல அதத் திரும்பப் போடுங்க தம்பி" என்றேன்.

அணைத்தபின் மொத்தமும் போனதற்குத் தனிக் காரணம் இருந்தது. ஒரு மேசையில் தொலைபேசியின் இரண்டு போர்ட்டுகளையும் யாரோ சுவரில் இருந்த இரண்டு சாக்கெட்டுகளில் செருகியிருந்தார்கள். எவ்வளவு காலமாக அப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் ஸ்பானிங் ட்ரீ அதில் ஒரு போர்ட்டைச் சத்தமில்லாமல் மூடி வைத்திருந்தது. அதை அணைத்த நிமிடமே அந்தக் கதவும் திறந்துகொண்டது. ஒரு லூப்போடு தவித்தவர்களுக்கு இரண்டாவது லூப் கிடைத்தது. உங்கள் கட்டுரையின் அந்த வரியை நம்பி யாராவது செயல்பட்டால் நடக்கக்கூடியது அச்சு அசலாக இதுதான்.

திரும்பப் போட்ட பிறகு தொலைபேசியின் லூப் அடங்கியது. முதல் லூப் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க உதவியது மேக் முகவரிப் பட்டியல், அதாவது எந்தக் கருவியின் வன்பொருள் முகவரி எந்த போர்ட்டில் தெரிகிறது என்று ஸ்விட்ச் வைத்திருக்கும் குறிப்பு. வெளி நெட்வொர்க்குக்கு வாசலான கேட்வேயின் மேக் முகவரி எந்த போர்ட்டில் பதிவாகியிருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். ஒருமுறை பார்த்தால் ஃபயர்வாலை நோக்கிய போர்ட்டில், சரியான இடத்தில் இருந்தது. மறுபடி பார்த்தால் அக்சஸ் ஸ்விட்சை நோக்கிய போர்ட்டில் இருந்தது. கேட்வே அனுப்பிய ஒரு ஏஆர்பி (முகவரி விசாரிக்கும்) பிராட்காஸ்ட், ஒரு லீஃப் வழியாக அக்சஸ் ஸ்விட்சுக்கு இறங்கி, இன்னொரு லீஃப் வழியாகத் திரும்ப மேலே ஏறுகிறது. ஏறும்போது, கேட்வே கீழேதான் இருக்கிறது என்று ஃபேப்ரிக் தப்பாகக் கற்றுக்கொள்கிறது. நாலு பிங் போய் இரண்டு போகாததன் ரகசியம் அதுதான். மேக் ஃப்ளாப் (முகவரி போர்ட் மாறி மாறித் தெரிகிறது) என்று பதிவேட்டில் வரி வரியாக வந்துகொண்டே இருந்தது. யாரும் அந்தப் பக்கம் திரும்பியிருக்கவில்லை.

லூப் எந்தப் பக்கம் என்று தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பிராட்காஸ்ட் வெள்ளம் ஓடும்போது எந்த போர்ட்டைப் பார்த்தாலும் வெளியே போகிற எண்ணிக்கை எகிறிக்கொண்டிருக்கும், ஏனென்றால் ஸ்விட்ச் எல்லாப் பக்கமும் நகல் எடுத்து இறைக்கிறது. விளக்குகள் எல்லாம் ஒன்றாக மின்னுவதும் அதனால்தான். அதை வைத்து ஒன்றும் பிடிக்க முடியாது. உள்ளே வருகிற பிராட்காஸ்ட் எண்ணிக்கையைப் பாருங்கள். அது இரண்டு மூன்று போர்ட்டில்தான் எகிறும். எண்ணிகளை அழித்துவிட்டு, சில நொடி கழித்து மறுபடி பார்த்தால் முகத்தில் அடித்த மாதிரி தெரியும். அந்த போர்ட்டுக்கு எதிரே இருக்கிற ஸ்விட்சுக்குப் போங்கள், அங்கேயும் இதையே செய்யுங்கள். இப்படி ஒவ்வொன்றாக இறங்கினால் லூப் இருக்கும் இடத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். நம் ஆட்கள் பலர் வெளியே போகிற எண்ணைப் பார்த்துக்கொண்டு, சம்பந்தமே இல்லாத கேபிள்களைப் பிடுங்கிக்கொண்டிருப்பார்கள்.

இணைப்புக் கோளாறு எல்லாவற்றுக்கும் லூப்தான் காரணம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்பானிங் ட்ரீயின் மேல் பழி போடுவதற்கு முன்னால் கீழிருந்து மேலே வர வேண்டும். ஃபைபர் முனையில் தூசி படிந்து வாங்கும் ஒளி குறைந்திருக்கிறதா, சிதைந்த ஃபிரேம்களைக் காட்டும் சிஆர்சி பிழை ஏறுகிறதா என்பதைப் பார்க்காமல் மேலே போவதில் அர்த்தமே இல்லை. ஃபைபரில் ஒரு வழி மட்டும் செத்துப்போவது இன்னும் மோசம். மூடியிருக்கும் போர்ட் எதிர்முனையிலிருந்து பிபிடியு வரும்வரைதான் மூடியிருக்கும். அது வராமல் போனால், தடை நீங்கிவிட்டது என்று எண்ணித் தானாகத் திறந்துகொள்ளும். அதாவது, அறுந்த இழை ஒன்று லூப்பை உண்டாக்கிவிடும். இதற்காகத்தான் லூப் கார்ட், யுடிஎல்டி என்றெல்லாம் பாதுகாப்புகள் வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் ஃபேப்ரிக் ஸ்விட்சுகள் ஒன்றையொன்று உண்மையிலேயே சேர்த்துக்கொண்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கேபிள் போட்டதும் தானாகச் சேர்ந்துவிடும் என்று விளம்பரத்தில் சொல்வார்கள், பெரும்பாலும் சேர்ந்தும்விடும். ஆனால் ஃபேப்ரிக்கின் அடையாள எண் இரண்டு பக்கமும் வேறாக இருந்தால் சேராது. இரண்டு ஸ்விட்சுகளுக்கு ஒரே ஸ்விட்ச் எண்ணைக் கொடுத்திருந்தாலும் சேராது. விளக்கு பச்சையாக எரியும், அடுத்த ஸ்விட்சின் பெயர் பட்டியலில் இருக்காது. இதற்கும் ஸ்பானிங் ட்ரீக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

சின்ன பிங் போகிறது, பெரிய கோப்பு போகவில்லை என்றால் அது எம்டியு, அதாவது ஓர் இணைப்பு ஏற்கும் மிகப்பெரிய பாக்கெட்டின் அளவு. விஎக்ஸ்லான் ஒவ்வொரு பாக்கெட்டிலும் 50 பைட் கூடுதல் சுமை ஏற்றுகிறது. நடுவில் ஒரே ஓர் இணைப்பு பழைய 1500 அளவிலேயே விடப்பட்டிருந்தால், நிறைந்த பாக்கெட்டுகள் அங்கே விழுந்துவிடும். துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு 1472 பைட் பிங் அனுப்பிப் பாருங்கள். 28 பைட் தலைப்புகளையும் சேர்த்தால் சரியாக 1500. அது போகாமல் சிறியது மட்டும் போனால் எங்கே தேடுவது என்று தெரிந்துவிடும். டிரங்க்கில் வி-லான் விட்டுப்போவது, நேட்டிவ் வி-லான் இரண்டு முனையிலும் வேறாக இருப்பது, இவை துறையில் எல்லோருக்கும் தெரிந்தவை. விடுகிறேன்.

ரூட் பிரிட்ஜ் யார் என்று கேட்டால் பல இடங்களில் மௌனம்தான் பதில். முன்னுரிமை எண் சிறியதாக உள்ள ஸ்விட்ச்தான் ரூட். அந்த எண்ணை யாரும் தொடாவிட்டால் எல்லா ஸ்விட்சுகளிலும் 32768 என்றுதான் இருக்கும். சமமாக இருந்தால் சிறிய மேக் முகவரி உள்ளது ஜெயிக்கும். ஒரே தயாரிப்பாளரின் பெட்டிகளில் பழையதுக்குத்தான் பெரும்பாலும் சிறிய முகவரி. விளைவு என்னவென்றால், மூலையில் தூசி படிந்து கிடக்கும் மிகப் பழைய ஸ்விட்ச் மொத்த நெட்வொர்க்குக்கும் தலைவராகிவிடும். புத்தம் புதிய ஃபேப்ரிக்கின் ஓரங்கள் அதைச் சுற்றித் தங்கள் வழிகளை அமைத்துக்கொள்ளும். முன்னுரிமையை 4096இன் மடங்குகளில் குறைக்கலாம். ஃபேப்ரிக் தானே பிரிட்ஜாக நடிக்கிற வகை என்றால் ரூட்டாக அதுதான் இருக்க வேண்டும், சந்தேகமே வேண்டாம்.

சிஸ்கோவின் ஃபேப்ரிக்பாத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது வெளியே இருக்கும் ஸ்விட்சுகளுக்கு ஒரே பிரிட்ஜாகத்தான் தோன்றும். ஓர் ஓர போர்ட்டில் தன்னைவிட உயர்ந்த முன்னுரிமை கொண்ட பிபிடியு வந்தால் அந்த போர்ட்டை அடைத்துவிடும். ஃபேப்ரிக் இணைப்பைத் துண்டிக்கிறது என்று புகார் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். அது துண்டித்தது காரணத்தோடுதான். கீழே ஒரு ஸ்விட்ச் ரூட் நாற்காலிக்குத் துண்டு போட்டிருந்தது. முன்னுரிமையைச் சரிசெய்தால் போர்ட் தானாகத் திறக்கும். அதைச் செய்யாமல் ஸ்பானிங் ட்ரீயையே ஒழித்துக்கட்டினாலும் போர்ட் திறக்கத்தான் செய்யும். அந்தத் திறப்பு எதில் முடியும் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

காலையில் எல்லோரும் கணினியைப் போடுகிற நேரத்தில் மட்டும் நெட்வொர்க் திணறுகிறது என்பது அடிக்கடி கேட்கிற இன்னொரு புகார். இங்கே ஸ்பானிங் ட்ரீக்குப் பங்கு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். பழைய 802.1டி முறையில், கணினி செருகிய ஒரு போர்ட் மேலெழுந்தால்கூட அமைப்பு மாறிவிட்டது என்ற அறிவிப்பு ரூட் வரை போகும். வழக்கமாக 300 நொடி வைத்திருக்கும் மேக் முகவரிகளை எல்லா ஸ்விட்சுகளும் 15 நொடியிலேயே மறக்கத் தொடங்கும். மறந்த முகவரிக்கு வருகிற ஃபிரேமை எல்லா போர்ட்டிலும் இறைத்தாக வேண்டும். கூடவே, கணினி டிஎச்சிபியில் முகவரி கேட்கும்போது போர்ட் இன்னும் திறந்திருக்காது. இதற்கு மருந்து, கணினியும் பிரிண்டரும் மாட்டுகிற போர்ட்டுகளை எட்ஜ் போர்ட் என்று அறிவிப்பது. சில பெட்டிகளில் அதற்குப் போர்ட்ஃபாஸ்ட் என்று பெயர். அறிவித்த உடனேயே பிபிடியு கார்டையும் போட்டுவிட வேண்டும். அந்த போர்ட்டில் ஒரு பிபிடியு வந்தாலும், அதாவது யாராவது அங்கே ஸ்விட்ச் மாட்டினாலும், போர்ட் மூடிக்கொள்ளும்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு பழைய கோபம் உண்டு. பிபிடியு கார்ட் ஒன்று, பிபிடியு ஃபில்ட்டர் வேறொன்று. கட்டளைப் பட்டியலில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கார்ட் போட்டால் போர்ட் மூடி மூடிக்கொள்கிறது, பயனர்கள் கத்துகிறார்கள் என்று எரிச்சலடைந்து, அதை எடுத்துவிட்டு ஃபில்ட்டரைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். போர்ட்டில் நேரடியாக ஃபில்ட்டர் போட்டால் அந்த போர்ட் பிபிடியுவை அனுப்பவும் அனுப்பாது, வந்தால் பொருட்படுத்தவும் செய்யாது. அந்த போர்ட்டில் ஸ்பானிங் ட்ரீயை அணைத்ததற்குச் சமம். சத்தம் நிற்கும். லூப் வருகிற நாளில் அந்த போர்ட்டைப் பற்றி ஒரு வரிகூடப் பதிவேட்டில் வராது. யாருக்காவது ஃபில்ட்டர் நிஜமாகவே தேவைப்படுகிறது என்றால், ஏன் என்று எழுதிக் காட்டிவிட்டுப் போடட்டும்.

கார்டுக்கும் கண் தெரியாத இடம் ஒன்று உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேசைக்கடி மலிவுப் பெட்டிகளில் சில பிபிடியுவை விழுங்கிவிடும். அதில் ஒரே கேபிளின் இரண்டு முனைகளையும் செருகினால் லூப் உள்ளே நடக்கும், மேலே இருக்கும் ஸ்விட்சுக்குச் செய்தி எதுவும் திரும்பி வராது, வெள்ளம் மட்டும் வரும். அதற்கு ஸ்டார்ம் கண்ட்ரோல் வேண்டும். நொடிக்கு இவ்வளவுக்கு மேல் பிராட்காஸ்ட் வந்தால் வெட்டு என்று வரம்பு வைப்பது. ப்ரோகேட் நிறுவனத்தின் விசிஎஸ் ஃபேப்ரிக்கில் எட்ஜ் லூப் டிடெக்ஷன் என்று ஒன்று கொடுத்திருந்தார்கள். ஓர போர்ட்டில் தனியாக ஒரு சோதனைச் செய்தியை அனுப்பும், அது சுற்றித் திரும்பி வந்தால் போர்ட்டை மூடும். ஃபேப்ரிக் செய்தவர்களுக்கே ஓரத்தின் மேல் எவ்வளவு பயம் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இதெல்லாம் வெறும் அலுவலகத் தொந்தரவு என்று நினைக்கிறவர்களுக்காக ஒன்று. 2002 நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையின் நெட்வொர்க் நாள்கணக்கில் முடங்கியது. மருத்துவர்களும் செவிலியர்களும் காகிதத்துக்குத் திரும்பினார்கள். மூடி மறைக்காமல் அந்த மருத்துவமனையின் தகவல் தொழில்நுட்பத் தலைவர் ஜான் ஹலம்கா இதை வெளிப்படையாகப் பேசினார். ஸ்விட்சுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலி போலச் சேர்த்துக்கொண்டே போனதில், ஸ்பானிங் ட்ரீ தாங்கக்கூடிய 7 தாவல் என்ற வரம்பை நெட்வொர்க் மீறிவிட்டிருந்தது. அந்த 7 என்ற எண், நான் முன்பு சொன்ன 2, 15, 20 நொடிக் கணக்குகளிலிருந்து வருவது. அங்கேயும் ஸ்பானிங் ட்ரீ இருந்ததால் கெடவில்லை. அதன் அளவை யாரும் கவனிக்காததால் கெட்டது.

கட்டுரையாளரைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. ஃபேப்ரிக்கைப் பற்றிய விளம்பரத் தாள்களில் ஸ்பானிங் ட்ரீ இல்லாத நெட்வொர்க் என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். ஓரத்தைப் பற்றிய அடிக்குறிப்பு வழிகாட்டிப் புத்தகத்தின் நடுவில் எங்கோ இருக்கும். அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போட்டால் போதும்: உள்ளே வேண்டாம், ஓரத்தில் வேண்டும், வெளி ஸ்விட்சுகளை முடிந்தவரை எல்ஏசிபி கட்டாக இணையுங்கள்.

கடைசியாக, இதைப் படிக்கிற இளம் பொறியாளர்களுக்கு. லூப் ஓடும்போது ஸ்விட்சின் சிபியு மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும். நெட்வொர்க் வழியாக உள்ளே நுழைய முடியாது. ஸ்விட்சோடு நேரடியாகப் பேச உதவும் கன்சோல் கேபிளும், அதற்குப் பொருத்தமான யுஎஸ்பி மாற்றியும் ரேக்கிலேயே தொங்கட்டும். உள்ளே போனதும் கை துறுதுறுவென்று ரீபூட் பக்கம் போகும். நினைவகத்தில் இருக்கிற பதிவுகள் ரீபூட்டில் போய்விடும். அதனால் முதலில் பதிவேடு, மேக் பட்டியல், ஸ்பானிங் ட்ரீ நிலை, போர்ட் எண்ணிகள், எல்ஏசிபி கட்டின் நிலை, இவ்வளவையும் ஒரு கோப்பில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மேலே சொன்னபடி வெள்ளம் உள்ளே வருகிற போர்ட்டை மட்டும் மூடுங்கள். அடங்கியதா, அந்த போர்ட்டின் எதிர்முனையில் யார் இருக்கிறார் என்று பாருங்கள். அடங்கவில்லையா, அதைத் திறந்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். தயாரிப்பாளரின் உதவி மையத்தை அழைக்கும்போது அந்தக் கோப்பைத்தான் முதலில் கேட்பார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
ஒரு நெட்வொர்க் பொறியாளன்